எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுவது எல்லோருக்கும் மருந்தன்று

சென்ற ஆண்டு ஐப்பசி மழை நாளொன்றில் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தியை அவளுடைய தாயார் எங்கள் குருதியியல் பிரிவுக்கு அழைத்து வந்தார். (அவர்கள் யாரென்று தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) பல் துலக்கினால் ஈறிலிருந்து வரும் இரத்தம் நிற்கவில்லை. கால்களில் கடுகைச் சிதறவிட்டதுபோல் சிவப்புப் புள்ளிகள். ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. ஹீமோகுளோபின் ஆறுக்கும் கீழே இருந்தது. பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் ஒன்றரை இலட்சமாவது இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாயிரமே இருந்தன. நோய்க்கிருமிகளை முதலில் எதிர்கொள்ளும் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள் முந்நூறு. இடுப்பெலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜைத் துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தபோது, இரத்த அணுக்கள் நெருக்கியடித்து நிற்க வேண்டிய இடமெல்லாம் வெறுங்கொழுப்பாக இருந்தது. ஏபிளாஸ்டிக் அனீமியா என்று நாங்கள் குறிப்பிடும் நோய் இது.

தாயார் தம் பையைத் திறந்து மேசைமேல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். பேரீச்சம்பழம், மாதுளை, இரும்புச்சத்து டானிக், உறவினர் அனுப்பிய லேகியம், ‘எதிர்ப்பு சக்தி பெருக்கி’ என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட ஒரு சூரணப் பொட்டலம். “டாக்டர், இவளுக்கு எதிர்ப்பு சக்தியே இல்லீங்க. அதைக் கூட்டுற மாதிரி நல்ல மருந்தா எழுதிக் குடுங்க” என்றார். நாங்கள் கொடுக்கப்போகும் மருந்து அதை அடக்குவதற்கானது என்று சொன்னபோது அவர் என்னை நம்பவில்லை. மகளைப் பார்த்தார், பிறகு கதவைப் பார்த்தார்.

அந்தத் தாயாரைப்போல் நினைப்பவர்கள் பலர் என்பதாலேயே இதை எழுதுகிறேன். உடலின் எதிர்ப்பாற்றல் என்பது பானையில் உள்ள நீர்போலக் குறைந்தால் கெடுதி, கூடினால் நன்மை என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றிவிட்டது. கொரோனாக் காலத்துக்குப் பிறகு அது இன்னும் வலுத்திருக்கிறது. தேநீர்த் தூளிலிருந்து பிஸ்கட் வரை அதைச் சொல்லியே விற்கிறார்கள். என் நோயாளிகளுள் ஒரு பகுதியினருக்கு இவ்வெண்ணம் உயிருக்கே கேடாக முடிகிறது என்பது என் கருத்து.

முதலில் மஜ்ஜையைப் பற்றி. வளர்ந்த மனிதனின் இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகள் ஆகியவற்றின் உள்ளே இருக்கும் இந்த மெல்லிய திசு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். தட்டணுவுக்குப் பத்து நாளுக்குமேல் இல்லை. நியூட்ரோஃபில் இரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாகத் தங்குவதில்லை. எனவே உற்பத்தி நின்றால் முதலில் தெரிவது சோர்வாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரத்தக் கசிவாகவோ காய்ச்சலாகவோகூட இருக்கலாம். இத்தனை அணுக்களும் மிகச் சிறிய எண்ணிக்கையிலான மூல அணுக்களிலிருந்து, அதாவது நீங்கள் ஸ்டெம் செல் என்று கேள்விப்பட்டிருப்பவற்றிலிருந்து, கிளைத்து வருபவை.

அம்மஜ்ஜைக்குள்ளேயே டி அணுக்கள் எனப்படும் ஒருவகை வெள்ளையணுக்களும் குடியிருக்கின்றன. மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெற்று வருவதால் அப்பெயரில் ‘டி’ சேர்ந்தது. அந்தச் சுரப்பியால் என்ன பயன் என்பதே 1961-இல் ஜாக் மில்லர் எலிக்குஞ்சுகளிலிருந்து அதை அகற்றிப் பார்க்கும்வரை மருத்துவ உலகுக்குத் தெரிந்திருக்கவில்லை. வைரஸ் புகுந்த அணுக்களை இனங்கண்டு கொல்வது டி அணுக்களின் பணிகளுள் ஒன்று. அவற்றுக்கு இன்னொரு பணியும் உண்டு. அதைப் பற்றிப் பொதுவெளியில் யாரும் பேசுவதில்லை. இரத்த உற்பத்தி எவ்வளவு நடக்க வேண்டும் என்பதில் அவற்றுக்கும் பங்குண்டு. உடலில் தொற்று ஏற்பட்டால் அவை சில வேதிப் பொருள்களைச் சுரந்து, வெள்ளையணுக்களைக் கூடுதலாக அனுப்புமாறு மஜ்ஜைக்குத் தெரிவிக்கின்றன. டி அணுக்களுள் அமைதி காக்கும் ஒரு பிரிவும் இருக்கிறது. எலிகளில் செய்த ஆய்வுகளில், அப்பிரிவு மூல அணுக்களைச் சூழ்ந்து நின்று பிற எதிர்ப்பணுக்களின் தாக்குதலிலிருந்து அவற்றைக் காப்பது தெரியவந்தது.

ஏபிளாஸ்டிக் அனீமியா நோயாளிகள் பலரிடம் இந்த ஒழுங்கு குலைந்துவிடுகிறது. அமைதி காக்கும் பிரிவு மெலிகிறது. கொல்லும் பிரிவில் சில குறிப்பிட்ட வகைகள் மட்டும் அளவின்றிப் பெருகி, சொந்த மூல அணுக்களையே பகையென்று கருதித் தாக்குகின்றன. அவை சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருள், தொற்றுக் காலத்தில் சில நாள் மட்டும் சுரந்தால் மஜ்ஜையைத் தூண்டுவது. மாதக்கணக்கில் சுரந்தால் அதே பொருள் மூல அணுக்களை ஒடுக்கி மாய்க்கிறது. வேலியே பயிரை மேய்வது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான். அந்தத் தாயாருக்கும் நான் அப்படித்தான் விளக்கினேன். “அப்ப வேலியைப் பிடுங்கிடுவீங்களா?” என்று கேட்டார். நல்ல கேள்வி, அதற்குப் பின்னர் வருகிறேன்.

இது வெறும் ஊகம் என்று யாரும் எண்ண வேண்டாம். இந்நோயை 1888-இல் பால் எர்லிக் முதன்முதலில் விவரித்தார். அந்த நோயாளி கருவுற்றிருந்த ஓர் இளம்பெண். அதன்பின் பல பத்தாண்டுகள் மருத்துவர்கள் மஜ்ஜையை வறண்ட நிலமாகவே கருதினர். விதை தீர்ந்துவிட்டது, வேறு விதை இட வேண்டும் என்பதே எண்ணம். அந்த எண்ணத்தை அசைத்தவர்கள் இரட்டையர்கள். ஒரே கருவில் உருவான இரட்டையருள் ஒருவருக்கு இந்நோய் வந்தபோது மற்றவரின் மஜ்ஜையை எடுத்துச் செலுத்தினர். இருவருக்கும் மரபணு ஒன்றே. எனவே நிராகரிப்புக்கு இடமில்லை. விதை மட்டுமே குறையென்றால் புதிய மஜ்ஜை ஒவ்வொரு முறையும் தளிர்த்திருக்க வேண்டும். பலருக்குத் தளிர்க்கவில்லை. எதிர்ப்பணுக்களை மருந்தால் அடக்கிய பின் இரண்டாம் முறை செலுத்தியபோது தளிர்த்தது. நிலத்திலும் விதையிலும் இல்லாத குறை வேறெங்கோ இருந்திருக்க வேண்டும்.

மற்றொரு சான்று பிரான்சிலிருந்து வந்தது. 1970-இல் ஜார்ஜ் மாத்தே என்ற மருத்துவர், பிறருடைய மஜ்ஜையைச் செலுத்துவதற்கு முன்னேற்பாடாக, நிணநீர் அணுக்களுக்கு எதிரான குதிரைச் சீரத்தை நோயாளிகளுக்குக் கொடுத்தார். செலுத்திய மஜ்ஜை ஒட்டவில்லை. ஆயினும் சிலருடைய சொந்த மஜ்ஜை மீண்டும் விழித்துக்கொண்டது. தோல்வியுற்ற சிகிச்சையிலிருந்து பிறந்த இந்தக் கண்டுபிடிப்பைச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் புருனோ ஸ்பெக் தொடர்ந்து ஆராய்ந்து 1977-இல் வெளியிட்டார். இன்று நாம் ஏடிஜி என்று அழைக்கும் மருந்தின் வரலாறு இதுதான். மனிதத் தைமஸ் அணுக்களைக் குதிரைக்குச் செலுத்தி, அதன் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுப்பார்கள். பாம்புக்கடிக்கு மாற்று மருந்து தயாரிக்கும் முறையும் இதைப் போன்றதே என்பதால், “குதிரை மருந்தா?” என்று தயங்கும் குடும்பத்தாரிடம் நான் பாம்புக்கடி ஊசியை நினைவூட்டுவதுண்டு.

இனி, வேலியைப் பிடுங்குவதா என்ற கேள்வி. முழுவதும் பிடுங்கினால் நல்லதா? இல்லை என்பதற்கு இரண்டு சான்றுகள் சொல்வேன். குதிரையிலிருந்து பெறும் ஏடிஜியைப் போலவே முயலிலிருந்து பெறும் ஏடிஜியும் உண்டு. முயல் மருந்து டி அணுக்களை இன்னும் கடுமையாகவும் இன்னும் நீண்ட காலத்துக்கும் ஒடுக்கும். எனவே அதுவே மேலானதாக இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தனர். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 120 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் குதிரை மருந்து பெற்றவர்களுள் 68 விழுக்காட்டினருக்குப் பலன் கிட்டியது. முயல் மருந்து பெற்றவர்களுள் 37 விழுக்காட்டினருக்கே. கடுமையாக ஒடுக்கியபோது காக்கும் பிரிவும் சேர்ந்து மாண்டது காரணமாயிருக்கலாம். மற்றொரு சான்று மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையில் கிடைத்தது. கொடையாளரின் டி அணுக்கள் நோயாளியின் தோலையும் குடலையும் கல்லீரலையும் தாக்குகின்றன என்பதற்காக, செலுத்துமுன் அவற்றை அறவே களைந்து பார்த்தனர். தாக்குதல் குறைந்தது, ஆனால் புதிய மஜ்ஜை ஒட்டாமற்போவது கூடியது. ஆகவே டி அணுவை எதிரி என்றும் சொல்ல இயலாது.

இதனால்தான் ‘சக்தி’ என்ற சொல்லே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சக்தி என்றால் அளவு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இங்கே வேண்டியது ஒழுங்கு.

சொற்களைப் பற்றிப் பேசும்போது என் தவறொன்றையும் சொல்லிவிட வேண்டும். முதுநிலை மாணவனாக வேறொரு மருத்துவமனையில் பணியாற்றியபோது, பதினான்கு வயதுச் சிறுவனின் தகப்பனாரிடம், “மஜ்ஜை காய்ந்துபோய்விட்டது” என்று சொன்னேன். விளங்கும்படி சொல்லிவிட்டதாக நிறைவும் கொண்டேன். காய்ந்த மரத்துக்கு நீர் ஊற்றிப் பயனில்லை என்று அவர் முடிவு செய்து, மறுநாளே மகனை ஊருக்கு அழைத்துச் சென்றுவிட்டார். இரண்டு மாதம் கழித்து நுரையீரலில் பூஞ்சைத் தொற்றோடு திரும்பி வந்தார்கள். காப்பாற்ற முடியவில்லை. காயவில்லை, தடுக்கப்பட்டிருக்கிறது, தடையை நீக்க முயலலாம் என்று நான் சொல்லியிருந்தால் அவர் தங்கியிருப்பாரா என்பது தெரியாது. அச்சொல்லை அதன்பின் நான் பயன்படுத்தியதில்லை.

டானிக், சூரணம், லேகியம் எல்லாம் கெடுதி என்று வைதுவிட்டுப் போவது எளிது. அவற்றை வாங்கி வருவது அன்பினால் என்பதை அறிவேன். ஆனால் காரணங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்நோயில் இரும்புச்சத்துக்குக் குறைவில்லை; அதைப் பயன்படுத்தும் அணுக்கள்தாம் இல்லை. ஏற்றும் ஒவ்வொரு சிவப்பணுப் பையிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடலுக்குள் போகிறது. உணவிலிருந்து நாளொன்றுக்கு நாம் உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம். இதன்மேல் டானிக்கும் சேர்ந்தால் இதயத்திலும் கல்லீரலிலும் இரும்பு படியும். பப்பாளி இலைச் சாறு டெங்குக் காலத்தில் புகழ்பெற்றது. டெங்குவில் தட்டணுக்கள் சில நாளில் தாமே ஏறிவிடும். புகழ் சாற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதாகச் சொல்லி விற்கும் பொருள்கள் இதனினும் கவலைக்குரியவை. கொரோனாக் காலத்தில் சீந்தில் கொடியைத் தொடர்ந்து உட்கொண்ட சிலருக்கு, எதிர்ப்பணுக்கள் கல்லீரலையே தாக்கும் வகை அழற்சி ஏற்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தனர். சித்த, ஆயுர்வேத மருத்துவர்களுள் இதனை ஏற்காதோரும் உண்டு. எப்படியாயினும், டி அணுக்களை அடக்க நாங்கள் ஒருபுறம் பாடுபடும்போது மறுபுறம் அவற்றைத் தூண்டக்கூடிய ஒன்றை உட்கொள்வதில் எந்த மருத்துவ நியாயமும் இல்லை. இவற்றை எங்களுக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டு அஞ்சுவதைவிட, பையோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்த அந்தத் தாயார் எவ்வளவோ மேல்.

இரத்தம் கொடுப்பதிலும் இதே அன்பு குறுக்கே வருகிறது. “என் தங்கைக்கு என் இரத்தத்தையே ஏற்றுங்கள்” என்று அண்ணன் கையை நீட்டுகிறார். நாங்கள் மறுக்கிறோம், அவர் மனம் புண்படுகிறது. அவருடைய மஜ்ஜை தங்கைக்குப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அவருடைய இரத்தத்தை இப்போதே ஏற்றினால் தங்கையின் எதிர்ப்பணுக்கள் அவரைப் பகையாக இனங்கண்டு வைத்துக்கொள்ளும். நாளை அவருடைய மஜ்ஜையை நிராகரிக்கவும் கூடும். நெருங்கிய உறவினரின் இரத்தத்தில் உள்ள டி அணுக்கள் நோயாளியின் உடலில் தங்கிப் பெருகி உயிருக்கே ஆபத்தை விளைவிப்பதும், அரிதாகவேனும், நடக்கிறது. கதிர்வீச்சுச் செலுத்திய இரத்தப் பைகளை நாங்கள் கேட்டு வாங்குவது அதனால்தான். அண்ணன் இரத்த வங்கிக்குக் கொடையளிக்கலாம். அது முன்பின் தெரியாத இன்னொருவருக்குப் போகட்டும்.

நாற்பது வயதுக்குட்பட்டவருக்குப் பொருந்தும் உடன்பிறப்பு இருந்தால் மஜ்ஜை மாற்றே முதல் தேர்வு. அந்த மாணவிக்கு ஒரே தம்பி, பொருந்தவில்லை. எனவே ஏடிஜியும் சைக்ளோஸ்போரினும் எல்ட்ரோம்போபாக்கும் என்று முடிவாயிற்று. இந்த வயதில் பிறவியிலேயே வரும் மஜ்ஜைக் குறைபாடுகளும் இதே முகத்தோடு வரக்கூடும். அவற்றுக்கு எதிர்ப்பணுக்களை அடக்கும் சிகிச்சை பயன் தராது. குரோமோசோம் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு நாங்கள் காத்திருந்தது அதனால். “பரிசோதனை பரிசோதனைன்னு நாளைக் கடத்துறாங்க” என்று வெளியே பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது.

ஏடிஜி நான்கு நாள் சொட்டுச் சொட்டாக இறங்கியது. முதல் நாள் இரவு குளிரும் காய்ச்சலும். இரண்டாம் வாரத்தில் மூட்டுவலியும் தடிப்பும் வந்தன. குதிரைப் புரதத்துக்கு உடல் காட்டும் எதிர்ப்பு அது, எதிர்பார்த்ததே. சைக்ளோஸ்போரின் வீட்டிலும் தொடர வேண்டிய மருந்து. நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சையில் கண்டறியப்பட்ட இம்மருந்து டி அணுக்களின் தூண்டுதலைத் தடுக்கிறது. கூடினால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பம்பளிமாசுப் பழம் இம்மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் அதைத் தவிர்க்கச் சொல்கிறோம். எல்ட்ரோம்போபாக் மாத்திரை சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்தால் உடலில் சேராது. பால், தயிர், கேழ்வரகுக் கூழ் ஆகியவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்பாகவோ நான்கு மணி நேரம் கழித்தோ அதை விழுங்க வேண்டும். தாயார் இதற்கென்று ஒரு நேரப் பட்டியலை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினார்.

மருந்தைவிடக் கடினமானது காத்திருப்பு. ஏடிஜி கொடுத்த மறுவாரம் எண்ணிக்கை ஏறாது. மூன்று மாதம், சில நேரம் ஆறு மாதம் ஆகும். எஞ்சியிருக்கும் சில மூல அணுக்கள் தாக்குதல் ஓய்ந்த பிறகே பல்கிப் பெருகி இரத்தத்தை நிரப்ப வேண்டும். பல இலட்சம் செலவழித்த குடும்பத்திடம் இதைச் சொல்வது எனக்கு ஒவ்வொரு முறையும் கடினமாகவே இருக்கிறது. ஆறாவது வாரத்தில்தான் பெரும்பாலோர் மனம் தளர்கிறார்கள். சூரணப் பொட்டலம் மீண்டும் வெளியே வருவதும் அப்போதுதான். அந்த வாரங்களில் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட்டைத் தொட்டால், நள்ளிரவாயினும், காலை விடியட்டும் என்று இருக்காமல் உடனே வர வேண்டும். நியூட்ரோஃபில் ஐந்நூறுக்குக் கீழே உள்ளவருக்கு ஓர் இரவு என்பது நீண்ட நேரம்.

ஏழாவது வாரம் தாயார் கேட்டார்: “அந்த வேலி இன்னும் மேயுதுங்களா?” தெரியவில்லை என்றேன். அதுதான் உண்மை, எல்லோருக்கும் பலன் கிட்டுவதில்லை, மூவரில் ஒருவருக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கிறது. பதினொன்றாவது வாரம் தட்டணுக்கள் ஏற்றாமலேயே 24,000-இல் நின்றன. பதினான்காவது வாரம் இளஞ்சிவப்பணுக்களின் எண்ணிக்கை முதன்முறையாக உயர்ந்தது. சிவப்பணுப் பை கடைசியாக ஏற்றியது தை மாதத்தில். அவள் இன்னும் மாதந்தோறும் வருகிறாள், சைக்ளோஸ்போரினையும் விட்டுவிடவில்லை. குறைந்தது ஓராண்டு முழு அளவில் கொடுத்து, அதன்பின் மிக மெதுவாகக் குறைக்க வேண்டும். திடீரென நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். நோய் பின்னாளில் வேறு உருவெடுக்கிறதா என்பதையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்போம். சென்ற முறை வந்தபோது, தேர்வு எழுதலாமா என்று அவள் கேட்டாள். எழுதலாம், கூட்டமான பேருந்தில் மட்டும் முகக்கவசம் அணிந்து போ என்றேன். தாயார் பையிலிருந்து மாதுளையை எடுத்துக் காட்டி, “இதாவது குடுக்கலாமா டாக்டர்?” என்றார். நன்றாகக் கழுவி, தோலுரித்து, உடனே கொடுங்கள் என்று சொன்னேன்.